இரண்டு விரல் மேலே

பாடசாலைக்குப் போகும் தோட்டத்து ரோட்டில் எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். பதினொரு வருடமாக அதே ரோட்டில் போய் வருகிறேன். அன்று காலை, முந்தின நாள் மழைக்கு மேட்டிலிருந்து உருண்டு வந்த ஒரு புதுக் கல் நடு ரோட்டில் உட்கார்ந்திருந்தது. பழைய கல்லுக்கு ஒதுங்கப் போய்ப் புதுக் கல்லின் மேல் ஏற்றிவிட்டேன். காருக்கு அடியில் ‘டங்’ என்று ஒரு சத்தம். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் ஸ்டியரிங்குக்கு முன்னால் எண்ணெய் குறைந்ததைக் காட்டும் விளக்கு சிவப்பாக எரிந்தது. அந்த நொடியே என்ஜினை நிறுத்தினேன். மெக்கானிக்கின் பெண்டாட்டிக்கு அந்த அளவு அறிவாவது இருக்கும். இறங்கிக் குனிந்து பார்த்தால், என்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும் சட்டி, கராஜ்காரர்கள் சம்ப் என்று சொல்வது, ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. வந்த வழி முழுக்கக் கறுப்புக் கோடு. சில்லுக்குக் கல் வைத்துவிட்டு நடந்தே போய் ஏழாம் தரத்துக்கு விஞ்ஞானம் படிப்பித்தேன்.

மெக்கானிக் என்று சொன்னேனே, அவர் இங்கே இல்லை. ஏழு வருடமாகக் கட்டார் நாட்டில் ஒரு பஸ் கராஜில் வேலை செய்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் வந்து, உடைந்த ஓடு மாற்றி, காருக்கு எண்ணெய் மாற்றி, திரும்பிப் போவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாத்தளைப் பக்கம் நாலந்தாவில் பெரிய ரோட்டிலிருந்து ஏறிப் போகும் சரிவில் எங்கள் வீடு. அதில் நான் மட்டும். அவருடைய பகல் சாப்பாட்டு நேரம் எனக்கு நாலு மணி. நாலு மணிக்குப் போன் வரும். “சாப்பிட்டியா?” “ம்.” “மழையா?” “கொஞ்சம்.” “சரி, வச்சிர்றேன்.” மூன்று நிமிடம்கூட ஆகாது. கோபமோ சண்டையோ கிடையாது. பேச ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். போனை வைத்த பிறகு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வாசற்படியில் உட்காருவேன். அந்த நேரத்தில் அந்தச் சின்ன வீடு எனக்கு ரொம்பப் பெரிதாக இருக்கும்.

அன்று நாலு மணிக்கு நான், “சம்ப் கிழிஞ்சு போச்சுங்க” என்றேன்.

“என்னா! எப்படி? என்ஜினை ஒடனே நிப்பாட்டினியா? காட்டு, காட்டு!”

தோட்டத்து ட்ராக்டரில் கட்டி இழுத்து வந்து காரை வாசலில் விட்டிருந்தார்கள். சாக்கை விரித்து, போனைப் பிடித்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்தேன். “இன்னும் கிட்ட. கொஞ்சம் அங்கிட்டு. கையை ஆட்டாம காட்டு புள்ள.” அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகம் அப்படி விழித்திருந்து நான் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. போனை வைக்கும்போது நாற்பத்தைந்து நிமிடம் ஓடியிருந்தது. அவர் சாப்பிடவே இல்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கார் கெட்டதில் எனக்குச் சந்தோஷம்தான்.

இன்னொரு விஷயமும் இருந்தது. அந்த மாதக் கடைசியில் அவருடைய கொந்தராத்து முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடலாம், போடாமல் வந்தும் விடலாம். “என்னா செய்ய?” என்று அவர் ஒரு தடவை கேட்டார். “ஒங்க இஷ்டம்” என்றேன். வந்துவிடுங்கள் என்று சொல்ல நாக்கு வரவில்லை. ஏனென்றால் ஏழு வருடத்துக்கு முன்னால் அவரைப் போகச் சொன்னவள் நான்தான். இங்கே வைத்திருந்த கராஜை மூடிவிட்டு, மனுஷன் நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். “எங்கயாவது போய்த் தொலைங்களேன்” என்று ஒருநாள் கத்தினேன். அவர் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு வந்து நின்றார். போகச் சொன்ன வாயால் வாங்க என்று சொல்வதற்கு எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று இருந்தேன்.

சனிக்கிழமை குருநாகலுக்குப் பஸ் பிடித்துப் போய், பழைய சாமான் கடை ஒன்றில் அதே என்ஜினுடைய சம்ப் ஒன்று வாங்கினேன். வரும்போது பஸ்ஸில் மடியில் வைத்திருந்ததைப் பார்த்து, “என்ன சமைக்கிற சட்டி மிஸ் இது?” என்று கண்டக்டர் கேட்டார். நாலு மணிக்கு அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“இது டர்போ இல்லாத காரோட சம்பு. எண்ணெய் திரும்பி வர்ற ஓட்டையே இல்ல, பாரு.”

எங்கள் கார் சின்னதுதான், ஆனால் டர்போ வைத்தது. காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும் அந்தச் சுழலி இல்லாவிட்டால் எங்கள் ஏற்றத்தில் அது ஏறாது. கடைக்காரர்மேல் குற்றமில்லை. நான்தான் என்ஜின் நம்பரை மட்டும் சொல்லி, டர்போ என்று சொல்ல மறந்துவிட்டேன். திருப்பிக் கொடுக்கவா என்று கேட்டேன். வேண்டாம், ஓட்டை போட்டு ஒரு பிட்டிங் வைத்தால் போதும் என்றார். பிட்டிங் என்றால் திரும்பி வரும் குழாயை மாட்டுவதற்குச் சம்பில் வைக்கும் கழுத்து. அவர் விளக்கிய விதம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

“டர்போவுக்குப் போற எண்ணெய் சின்னக் குழாய்ல போகும், பம்பு தள்ளிவிடும். திரும்பி வர்றப்ப தள்ள யாரும் இல்ல. தன் பாரத்துல தானா எறங்கி வரணும். அதனால வர்ற வழி அகலமா, எறக்கமா இருக்கணும். சம்புல எண்ணெய் நிக்கிற மட்டத்துக்கு மேல வந்து விழணும். மட்டத்துக்குக் கீழ வச்சின்னா, எறங்க எடமில்லாம டர்போவிலயே தேங்கி, கசிஞ்சு எரியும். ஊரே புகையாயிரும்.”

போகும்போது தள்ளிவிட்டது யார் என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

எந்தப் பிட்டிங் என்று முடிவு செய்ய எங்களுக்குப் பத்து நாள் பிடித்தது. ஒரே நாளில் முடித்திருக்கலாம். நான்தான் இழுத்தேன். மாத்தளை டவுனில் வாங்கி வைத்த பிட்டிங்குகளை ஒரு நாளைக்கு ஒன்றாக எடுத்துக் காட்டினேன். முதலில், தட்டையான அடியை நாலு திருகில் பிடித்து, இடையில் கேஸ்கெட் வைப்பது. “சம்போட தகரம் எவ்வளவு மெல்லிசு தெரியுமா? திருகு கடிக்க எடம் எங்க இருக்கு? ஒரு மாசத்துல ஆடும்” என்று தள்ளிவிட்டார். அடுத்து, ஓட்டைக்குள் நுழைத்து உள்ளேயிருந்து நட் போட்டு இறுக்குவது. எனக்கு அதுதான் பிடித்திருந்தது. சம்ப் கழற்றித்தானே கிடக்கிறது, உள்ளே கை போகும், யார் தயவும் வேண்டாம். அவரோ தலையை ஆட்டினார்.

“நட்டு கழண்டா எங்க விழும்? என்ஜினுக்குள்ளயே விழும். நீ லேசா எடுத்துப் போட்டுருவியா?”

“நான் இறுக்குனா கழலாது.”

“ஆமா, நீ இறுக்கி வச்ச ஜாம் போத்தலை இன்னும் யாரும் தொறக்கல.”

அந்தப் போத்தல் கதை பன்னிரண்டு வருடத்துப் பழையது. அதை அவர் நினைவில் வைத்திருக்கிறார் என்று எனக்கு அன்றுதான் தெரியும். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கொய்யா மரத்துக் காகம் பறந்தது. கடைசியில் வெல்டிங் வைத்து ஒட்டும் பிட்டிங்தான் என்று முடிவானது. பெருவிரல் தாராளமாக நுழையும் அளவுக்கு வாய் உள்ள இரும்புக் கழுத்து.

அடுத்தது இடம் குறிக்க வேண்டும். “சம்பை மட்டமா வச்சு, கணக்கான எண்ணெயை ஊத்து. நிக்கிற எடத்துல கோடு போடு. கோட்டுக்கு ரெண்டு விரல் மேல ஓட்டை வரணும்” என்றார்.

“எந்த ரெண்டு விரல்? என்னோடதா, ஒங்களோடதா?”

அவர் இரண்டு விரலைச் சேர்த்துத் திரையில் நீட்டினார். ஆள்காட்டி விரலில் புதுசாக ஒரு கட்டு. இது என்ன என்று கேட்டேன். “ஒன்னுமில்ல” என்று கையை இறக்கிவிட்டார். அந்த விரல் வெட்டுப்பட்டு எத்தனை நாளோ, யார் மருந்து போட்டார்களோ. அதைக் கேட்டால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. “சரி, என் விரலைக் கணக்கு வச்சுக்கறேன்” என்றேன்.

குசினிக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் சீமெந்துத் தரையில் சம்பை வைத்தேன். எண்ணெயை அளந்து ஊற்றினேன். அது அசைந்து அடங்கும்வரை காத்திருந்து, பிட்டிங் வர வேண்டிய பக்கத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, இரண்டு விரல் மேலே புள்ளி வைத்தேன். விஞ்ஞான டீச்சர் செய்கிற வேலையில் பிழை வருமா என்ற திமிர் வேறு.

ஓட்டையை நானே போட்டேன். துளைபோடும் மெஷினில் சின்ன அலகை மாட்டித் தொடங்கி, ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, கடைசியில் அரத்தால் வட்டமாக ராவி முடித்தேன். பிசிறு ஒன்று உள்ளே ஒட்டியிருந்தாலும் என்ஜினைத் தின்றுவிடும் என்பதால் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். நாவுலயில் வெல்டிங் வைக்கும் பாஸ், எங்கள் பக்கம் கைவேலைக்காரரை அப்படித்தான் சொல்வோம், ஒருவர் இருக்கிறார், சிங்களவர், பேச்சு குறைவு. தகரம் கோணிப் போகாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பொட்டு வைத்துச் சுற்றி ஒட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, வெல்டிங் போன இடமெல்லாம் வெளியே பாடசாலைச் சோக்கைப் பூசி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு பகல் முழுக்க வைத்தேன். எங்கேயாவது கசிந்தால் சோக்கு நனைந்து காட்டிக்கொடுக்கும். ஒரு பொட்டு ஈரம் இல்லை. பிறகு பசை தடவி, சாக்கில் மல்லாந்து படுத்து, சம்பைத் தூக்கிப் பிடித்து, திருகாணிகளை எதிரெதிராக இறுக்கினேன். திரும்பி வரும் குழாயை எங்கேயும் தொங்காமல், டர்போவிலிருந்து நேரே இறங்கும்படி மாட்டினேன். அவர் போனுக்குள்ளிருந்து, “காட்டு, அந்தக் கிளிப்பைக் காட்டு, இந்தப் பக்கம் காட்டு” என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை, அவருக்கு லீவு நாள், வாசலிலேயே ஸ்டார்ட் பண்ணினேன். என்ஜின் பூனை மாதிரி முனகியது. பின்னால் போய்க் காட்டினேன். புகை இல்லை. அவர் கை தட்டினார். அவருடைய அறையில் இருந்தவர்களும் தட்டினார்கள். “நம்ம டீச்சரம்மா இனி பாஸம்மா” என்று அவர் எல்லாரிடமும் சொல்வது கேட்டது. அன்று ஒரு மணி நேரம் பேசினோம்.

அடுத்த நாள் நாலு மணிக்கு, “சாப்பிட்டியா?” “ம்.” “வண்டி?” “ஓடுது.” “சரி, வச்சிர்றேன்.”

ஒரு வாரம் அப்படியே போனது. கொந்தராத்துப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீடு, பாடசாலை, வீடு என்று கார் மட்டும் ஓடியது.

அந்தச் சனிக்கிழமை காய்கறி வாங்கக் கலேவெலைக்குப் போனேன். சந்தைக்குப் பக்கத்தில் நிறுத்தி, பந்து மாதிரி உருண்டையான ஒரு வத்தகப்பழம் வாங்கி வந்து, என்ஜினை ஓட விட்டபடி பின் கதவைத் திறந்து சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து நீலமாகப் புகை குப்பென்று வந்தது. வத்தகப்பழக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிங்களத்தில் கத்தினார்: “மிஸ், டெங்கு நுளம்புக்குப் புகை அடிக்கவா வந்தீங்க?”

ஓடிப்போய் நிறுத்தினேன். வீட்டில் புகையாத வண்டி இங்கே ஏன் புகைகிறது என்று புரியாமல் நின்றேன். அப்போதுதான் பழத்தைப் பார்த்தேன். கைக்கு வசதியாக அதைத் தரையில் வைத்திருந்தேன். அது வைத்த இடத்திலேயே இருந்தது. எங்கள் வாசலில் ஒரு எலுமிச்சங்காயைக்கூட அப்படி வைக்க முடியாது, காலால் அணை கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் கட்டிலின் ஒரு காலுக்குச் செங்கல், அலுமாரிக்கு மடித்த அட்டை, சோற்றுப் பானைக்குச் சிரட்டைத் துண்டு. கழுவுகிற தரையையோ, தண்ணீர் ஓடட்டும் என்று மேசன் வேண்டுமென்றே சரித்துப் பூசியிருந்தார். பதினெட்டு வருடம் சரிவில் இருந்து இருந்து எனக்கு அதுவே மட்டமாகிவிட்டது. பிட்டிங் வைக்கும் பக்கத்தை நான் மேட்டுப் பக்கமாக வைத்துக் கோடு போட்டிருக்கிறேன். எண்ணெய் அந்தப் பக்கம் குறைவாக நின்றிருக்கிறது. வாசலிலும் கார் அதே வாட்டத்தில்தான் நிற்கிறது, அதனால் அங்கே புகையவில்லை. சமதரைக்கு வந்ததும் எண்ணெய் ஓட்டைக்கு மேல் ஏறிவிட்டது. திரவம் தன் மட்டத்தில் நிற்கும் என்று வருஷா வருஷம் பலகையில் எழுதிப் போடுகிறவள் நான். எனக்கு என்மேலேயே அசிங்கமாக இருந்தது.

நாலு மணியாகக் காத்திருந்து, காருக்குள்ளேயே உட்கார்ந்து அவருக்கு எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னை என்னமோ செய்தது. ஏழு வருடக் கௌரவமும் அந்த இடத்தில் அவிழ்ந்துவிட்டது.

“எனக்கு முடியலங்க. நீங்க வந்து சரியா போடுங்க. போதும், வந்துருங்க.”

மறுபக்கம் சிரிப்பு நின்றது.

“வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டுட்டேன் புள்ள.”

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“நீ ஒன்னுமே சொல்லலையே. ஒங்க இஷ்டம்னு சொன்ன” என்றார். பிறகு என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, “ஓட்டைய அடைச்சிட்டு ரெண்டு விரல் மேல போடு, அவ்வளவுதான். இப்பதான் ஒனக்கு எல்லாம் தெரியுமே, நான் எதுக்கு?” என்றார்.

போனை வெட்டினேன். வத்தகப்பழக்காரர் பார்க்கிறார் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். அந்த வியாழக்கிழமைக்கு முன்னால் நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மனுஷன் வந்திருப்பார். அத்தனை நாள் பேசியும் நான் கேட்டதெல்லாம் பிட்டிங்கைப் பற்றித்தான்.

அடுத்த நாலு நாள் நாலு மணிக்குப் போன் அடித்தது. எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எண்ணெயை வடித்துச் சம்பைக் கழற்றினேன். திங்கட்கிழமை நாவுல பாஸ் அந்தக் கழுத்தை வெட்டி எடுத்து, பழைய ஓட்டைக்கு ஒரு இரும்புத் துண்டு வைத்து ஒட்டினார். “ஏன்?” என்று மட்டும் கேட்டார். “வீடு சரிவு” என்றேன். விளங்கியவர் போலத் தலையாட்டினார். பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து உள்ளே தண்ணீர் தெரியும் நீள பிளாஸ்டிக் குழாய் எடுத்து வந்து, மேசன்மார் செய்வதுபோல அதில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடித்து, சம்புக்கு அடியில் அட்டை அட்டையாகச் சொருகி நிமிர்த்தினேன். எண்ணெய் ஊற்றிக் கோடு போட்டேன். இந்தத் தடவை விரலால் அளக்கவில்லை, அடிமட்டத்தால் அளந்தேன். பாஸ் புது இடத்தில் கழுத்தை ஒட்டித் தந்தார். மறுபடியும் சோக்கு, மண்ணெண்ணெய், சாக்கு, ஆணிகள். “காட்டு” என்று சொல்ல ஆளில்லாமல் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது.

வியாழக்கிழமை பாடசாலை விட்டதும் நேரே கலேவெலைக்குப் போனேன். அதே இடத்தில் நிறுத்தி, கால் மணி நேரம் என்ஜினை ஓட விட்டுப் பின்னால் நின்று பார்த்தேன். ஒரு நூல் புகை இல்லை. வத்தகப்பழக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, “இன்னைக்கு நுளம்பெல்லாம் தப்பிச்சிருச்சு” என்றார். அந்த வேலையை நான் எவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறேன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. பழக்காரரிடம் சொல்லி என்ன, அவருக்குப் பழம் விற்க வேண்டும். வீட்டுக்கு வந்து சில்லுக்குக் கல் வைத்தேன்.

நாலு மணிக்குப் போன் அடித்தது. எடுத்தேன்.

“சாப்பிட்டியா?”

“ம்.”

“கோவமா?”

“இல்ல.”

அவருடைய பக்கம் யாரோ பஸ்ஸைப் பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது. இனி ‘மழையா’ என்று கேட்பார், பிறகு வைத்துவிடுவார், இரண்டு வருடத்துக்கு இதுதான் என்று எனக்குத் தெரிந்தது.

“வண்டி எப்படி?” என்றார்.

“புது ஓட்டை போட்டாச்சு” என்றேன். “ஆனா இன்னும் கொஞ்சம் புகையுதுங்க.”

“அப்படியா?” என்றார். கதிரையை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. “எப்ப புகையுது? ஸ்டார்ட் பண்ணினதுமா, ஓடினதுக்குப் பெறகா? குழாய் எங்கயாவது மடங்கியிருக்கா பாரு. அவசரப்படாத, ஒவ்வொன்னா பாப்போம்.” அன்று ஐம்பது நிமிடம் பேசினோம்.

அதற்குப் பிறகு மாதங்கள் போய்விட்டன. கார் நன்றாக ஓடுகிறது. நாலு மணிக்கு மட்டும் அது புகைகிறது, அவரும் சலிக்காமல் ஒவ்வொரு நாளும் ஒரு வைத்தியம் சொல்கிறார். காட்டு என்று மட்டும் இதுவரை ஒருநாளும் கேட்கவில்லை.